பிளேடின் நன்மை எங்கே இருக்கிறது?

ஜப்பானின் செகி நகரத்தில் தொடங்கிய நிறுவனமான ஃபெதரின் பிளேடைப் போல் உலகில் வேறொன்று இல்லை என்கிறார் ஒருவர். அதே பிளேடைப் போட்டால் கழுத்தெல்லாம் எரிகிறது என்று ஒதுக்கிவைக்கிறார் இன்னொருவர். துருக்கியின் டெர்பி ஒருவர் முகத்தில் பூப்போல ஓடுகிறது, மற்றவர் முகத்தில் மயிரைப் பிடித்து இழுக்கிறது. இருபுறமும் கூர் கொண்ட சவர பிளேடுகளைத் தரம், ஆயுள், விலை என்று ஒப்பிடப் புகுந்த எவரும் கடைசியில் இந்த முரண்பாட்டில்தான் வந்து நிற்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே ஆலையில், ஒரே எஃகில், ஒரே இயந்திரத்தில் வந்த பொருளைப் பற்றித்தான் இருவரும் பேசுகிறார்கள். அப்படியானால் 'நல்லது' என்று நாம் சொல்கிற குணம் எஃகில் இருக்கிறதா, சவரம் செய்துகொள்பவரின் தோலில் இருக்கிறதா, அல்லது இரண்டிலும் இல்லாத ஒன்றை நாமாக ஏற்றிச் சொல்கிறோமா? இந்தக் கேள்விக்கு விடை காணாமல் பிளேடுகளை வரிசைப்படுத்துவதில் பொருளில்லை. வரிசைப்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை.

நன்மை பொருளில் இருக்கிறதா, பார்ப்பவரிடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஓவியத்தையும் இசையையும் எடுத்துக்காட்டாகக் கொள்வது வழக்கம். அவை இந்த ஆராய்ச்சிக்குத் தோதானவை அல்ல. ஒரு பாட்டு எதற்காக என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. பிளேடுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மயிரை அறுக்க வேண்டும், தோலை அறுக்கக் கூடாது, வேலை அவ்வளவுதான். பிளேட்டோவின் 'குடியரசு' முதல் பகுதியில் சாக்ரடீஸ் கொடி கழிக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு, ஒரு பொருளின் சிறப்பு என்பது அதற்கே உரிய வேலையை அது நன்றாகச் செய்வதுதான் என்று வாதிடுவார். அந்த வாதத்தை அப்படியே ஏற்றால் நன்மை கத்தியில் குடியிருக்கிறது என்றுதான் முடிவு செய்ய வேண்டும். கொடிக்கு வலி தெரியாது, தன் கருத்தையும் சொல்லாது. அதனால் அங்கே சிக்கல் எழவில்லை. அறுபடும் பொருளுக்குப் பக்கத்திலேயே உணர்வுள்ள தோல் இருக்கும்போதுதான் அந்த விடை போதாமல் போகிறது.

முதலில் எஃகு தரப்பின் வாதத்தை முழுதாகக் கேட்போம், அதற்கு வலு உண்டு. இன்றைய இருபுற பிளேடின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பெரும்பாலானவை ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியமும் 0.7 சதவீதத்தை ஒட்டிய கரிமமும் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகில் ஆனவை. சுவீடனின் சாண்ட்விக்கன், ஜப்பானின் யசுகி போன்ற சில ஊர்களின் ஆலைகள் இந்தத் தகட்டுக்குப் பேர்போனவை. தகட்டைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கி, படிப்படியாகத் தீட்டுகிறார்கள். தீட்டிய விளிம்பின் நுனி சில பத்து நானோமீட்டர் அளவுக்கு மெலிகிறது. அதன்மேல் குரோமியம், பிளாட்டினம் போன்ற உலோகப் பூச்சு. அதற்கும் மேலே, ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் அதே டெஃப்லான். கூர்மையை இழையறுத்து அளக்கலாம், பூச்சை நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஃபெதரின் விளிம்பு டெர்பியின் விளிம்பைவிடக் குறைந்த விசையில் அறுக்கிறது என்றால் அது யாருடைய ரசனையும் அல்ல, அளந்து காட்டக்கூடிய செய்தி. ஒரே பொட்டலத்துப் பிளேடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதும் அப்படித்தான். மலிவான பிளேடுகளில் சில ஏமாற்றுவது பெரும்பாலும் இங்கேதான்: முதல் பிளேடு நன்றாக இருக்கும், மூன்றாவது கீறும். கூர், பூச்சு, சீர்மை ஆகிய மூன்றும் பிளேடுக்கே சொந்தமானவை என்பதை மறுக்க முடியாது.

ஆனால் ஆயுளுக்கு வந்தவுடன் இந்த வாதம் ஆட்டம் காண்கிறது. எஃகு மயிரைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு கடினமானது. இருந்தும் சில சவரங்களில் பிளேடு வீணாகிறது. தேய்ந்து மழுங்குகிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2020 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரோஸ்சோலி, தாஹேரி-மூசவி, தசான் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. மின்னணு நுண்ணோக்கிக்கு உள்ளேயே பிளேடால் மயிரை அறுத்துப் பார்த்தபோது, விளிம்பு சீராகத் தேயவில்லை. அங்கங்கே சில்லுச் சில்லாக உடைந்தது. அந்த உடைவும் எல்லா இடத்திலும் நிகழவில்லை. மயிர் விளிம்புக்குச் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்து வளைய வேண்டும். எஃகின் உள்ளமைப்பு அந்த இடத்தில் ஒருசீராக இல்லாமல் கடினமும் மென்மையும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் சிறு குறை ஒன்றின்மேல் மயிரின் ஓரம் வந்து அழுத்த வேண்டும். இவை ஒரே நொடியில் கூடினால்தான் சில்லு பெயர்கிறது. இதைத் தத்துவக் கண்ணோடு படித்தால் முடிவு தெளிவு. பிளேடின் ஆயுள் பிளேடுக்குள் இருப்பு வைத்த சரக்கு அன்று. எஃகும் மயிரும் கோணமும் கூடும் ஒவ்வொரு நொடியிலும் அது தீர்மானமாகிறது. 'இந்த பிளேடு ஏழு சவரம் தாங்கும்' என்ற வாக்கியத்தில் யாருடைய தாடிக்கு என்ற சொல் விடுபட்டிருக்கிறது. அது விடுபட்டால் அந்த வாக்கியம் மெய்யும் ஆகாது, பொய்யும் ஆகாது.

பிளேடு தனியாக முகத்தைத் தொடுவதும் இல்லை. ரேசரின் தலை அதை வளைத்துப் பிடித்து, எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும், எந்தக் கோணத்தில் சாய வேண்டும் என்று வகுக்கிறது. பழைய ஜில்லெட் டெக் போன்ற சாதுவான ரேசரில் ஃபெதரைப் போட்டால் அது அடங்கி நடக்கும். ஜெர்மனியின் மூலே ஆர்41 போன்ற முரட்டு ரேசரில் அதே ஃபெதர் சிறு கைத்தவற்றையும் பொறுக்காது. அந்த ரேசரில் டெர்பியே போதும் என்பவர்கள் உண்டு. மயிர் நீரில் ஊறினால் அறுபட எளிதாகிறது. ஆகவே குளித்தபின் சவரம் செய்பவரும் காய்ந்த முகத்தில் நுரையைத் தடவி உடனே இழுப்பவரும் ஒரே பிளேடுக்கு இரு வேறு தீர்ப்பு எழுதுவார்கள். தண்ணீரின் கடினத்தன்மை, சோப்பின் வழுவழுப்பு, கையின் அழுத்தம் எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தீர்ப்பை ஆக்குகின்றன. இதனால் நான் கொள்ளும் நிலை இது: பிளேடின் நன்மை எஃகில் மட்டும் இல்லை, முகத்தில் மட்டும் இல்லை, இரண்டும் கூடும் உறவில் இருக்கிறது, ஆனாலும் அந்த உறவு கற்பனை அன்று, எஃகைப் போலவே உண்மையானது.

இதற்கு உடனே எழும் எதிர்ப்பு, எல்லாவற்றையும் உறவில் கொண்டுபோய் வைத்தால் ஒப்பிடுவதற்கே இடமில்லாமல் போகும் என்பது. அவரவர் முகத்துக்கு அவரவர் பிளேடு. எதையும் எதனோடும் ஒப்பிட வேண்டாம், வாயை மூடிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்லவும் செய்கிறார்கள். இந்தச் சோம்பலான முடிவு தவறு என்பதை நம் மண்ணில் வேரூன்றிய சமணத் தருக்கம் நன்றாக விளக்கும். அநேகாந்தம் என்ற கோட்பாட்டை, 'எல்லோர் சொல்வதும் சரி' என்ற சமரசமாகப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அப்படி இருந்திருந்தால் நீலகேசி போன்றதொரு வாத நூல் தமிழில் தோன்றியிருக்கவே முடியாது. பிற சமயங்களின் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்துச் செல்லும் நூல் அது. அநேகாந்தம் கேட்பது கடினமான ஒழுக்கம். ஒன்றைச் சொன்னால் எந்த நிலையிலிருந்து சொல்கிறாய் என்பதையும் சேர்த்துச் சொல் என்கிறது. நிலையைச் சொல்லிவிட்டால் கூற்று தளராது, இறுகும். 'ஃபெதர் நல்ல பிளேடு' என்பதைச் சோதிக்க வழியில்லை. 'அடர்ந்து முரடான தாடிக்கு, சாதுவான ரேசரில், ஊறவைத்த மயிரில், முதல் மூன்று சவரங்களுக்கு ஃபெதர் டெர்பியைவிடக் குறைவாக இழுக்கும்' என்பதைச் சோதிக்கலாம். பொய்யானால் பொய் என்று காட்டலாம். நிலையைக் குறிக்காமல் பொத்தாம்பொதுவாகச் சொல்லும் வாக்கியம்தான் தோற்க மறுக்கிறது, ஆகவே எதையும் கற்றுத் தருவதும் இல்லை.

இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கூர்மையானது. உறவில் இருக்கும் நன்மையை அறிவது எப்படி? தோலின் உணர்வே சாட்சி என்றால், அந்தச் சாட்சியை விலைக்கு வாங்கிவிடலாமே. விலை கூடிய பிளேடு என்று தெரிந்தாலே தோல் சுகமாக உணரத் தொடங்கும். இந்த எதிர்ப்பை நான் முழுமனதாக ஏற்கிறேன். இதற்குச் சான்றாகப் பிளேடு வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் கரேல் டிர்பால் என்ற வானொலிப் பொறியாளர், எகிப்தியப் பிரமிடின் வடிவில் அட்டையில் ஒரு சிறு கூடு செய்து, திசை பார்த்து அதற்குள் பழைய பிளேடை வைத்தால் கூர் திரும்பிவிடும் என்று கண்டதாக நம்பினார். 1959ல் அதற்கு 91304 என்ற எண்ணுள்ள காப்புரிமையும் கிடைத்தது. ஒரே பிளேடால் மிகப் பல தடவை சவரம் செய்ததாக அவர் மனமாரச் சொன்னார். அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் கருதவில்லை. எண்ணிக்கையைக் கூட்ட விரும்பும் மனம், தோல் தரும் சிறு எச்சரிக்கைகளைக் கேட்காமல் விட்டுவிடுகிறது. நேற்று பொறுக்க முடியாதது இன்று பொறுக்கத்தக்கதாகிறது, எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் பிளேடைத் தேய்த்து இன்னும் நாலு நாள் ஓட்டிய பழக்கத்தில் உண்மையான பயனும் கொஞ்சம் உண்டு, இந்த மனவிருப்பமும் கொஞ்சம் உண்டு. இரண்டையும் பிரிக்க வழி இருக்கிறது. உறையை வேறொருவர் பிரித்து, பெயர் தெரியாமல் பிளேடை மாட்டித் தர வேண்டும். முகத்தின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறிமாறி ஓட்ட வேண்டும். தீர்ப்பை எழுதிவைத்த பிறகே பெயரைக் கேட்க வேண்டும். தோலின் சாட்சியத்தைத் தள்ளுவது தீர்வாகாது. சாட்சியைக் கலைக்கும் தகவலை அதன் காதுக்கு எட்டாமல் செய்வதே தீர்வு.

விலையும் மதிப்பும் பற்றிய பேச்சில் நிலையைச் சொல்லாமல் விடுவது இன்னும் பெரிய குழப்பத்தை உண்டாக்குகிறது. ஏனெனில் அங்கே விற்பவர், வாங்குபவர் என்று இரண்டு நிலைகள் எப்போதும் உண்டு. கிங் கேம்ப் ஜில்லெட் 1894ல் 'தி ஹியூமன் டிரிஃப்ட்' என்றொரு நூல் எழுதினார். போட்டிதான் வீணுக்கும் வறுமைக்கும் வேர், உற்பத்தி முழுவதும் ஒரே பொது நிறுவனத்தின்கீழ் வர வேண்டும், நயாகரா அருவியின் ஆற்றலில் ஒரே மாநகரம் எழ வேண்டும் என்பது அவர் கனவு. மறு ஆண்டே, பயன்படுத்திவிட்டு எறியும் பிளேடு என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அவ்வளவு மெல்லிய தகட்டைக் கடினமாக்கித் தீட்ட முடியாது என்று உலோகம் அறிந்தவர்கள் கைவிரித்தபோது வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதற்கு வழி கண்டார். 1904ல் காப்புரிமை கிடைத்தது. வீணைக் கண்டு மனம் நொந்த ஒரு மனிதர், எறிவதையே அடிப்படையாகக் கொண்ட பொருளை உலகுக்குக் கொடுத்தார் என்பது எனக்கு ஏளனத்துக்குரியதாகத் தோன்றவில்லை. சாணைக்கும் தோல்வாருக்கும் செலவாகும் மனித நேரமும் வீண்தான் என்று அவர் கண்டிருக்கலாம். ஆனால் விற்பவரின் நிலை எப்படிப் பொருளுக்குள் புகுந்துவிடும் என்பதை அவர் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் காட்டியது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வில்கின்சன் ஸ்வோர்ட் பூச்சிட்ட துருப்பிடிக்காத பிளேடைக் கொண்டுவந்தது. கரிம எஃகு பிளேடைவிட அது பல மடங்கு உழைத்தது. நீண்டு உழைக்கும் பிளேடு வந்தால் விற்கும் எண்ணிக்கை குறையும். ஏற்கெனவே போட்ட இயந்திர முதலீடும் கிடக்கிறது. ஜில்லெட் தயங்கி நின்று, 1963ல்தான் தன் துருப்பிடிக்காத பிளேடை இறக்கியது. வாங்குபவருக்கு எது நற்குணமோ அதுவே விற்பவருக்குக் குறையாக இருந்த காலம் அது.

இதை வைத்து, நீண்ட ஆயுளே வாங்குபவருக்கு உயர்ந்த மதிப்பு என்று முடிவு கட்டுவதும் அவசரம். கணக்குக்காக, நான்கு ரூபாய் பிளேடு நான்கு சவரத்துக்கு வருகிறது, நாற்பது ரூபாய் பிளேடு எட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னதில் சவரத்துக்கு ஒரு ரூபாய், பின்னதில் ஐந்து. ஆயுள் இரட்டிப்பாகியும் செலவு ஐந்து மடங்கு. ஆனால் முன்னது ஒவ்வொரு முறையும் கழுத்தைக் கீறுகிறது என்றால் இந்தக் கணக்கு எதை அளந்தது? வேண்டியது காயமில்லாத ஒரு நல்ல சவரம். அதையே அலகாகக் கொண்டு வகுக்க வேண்டும்; கீறிவிட்ட சவரத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அப்படி வகுத்தால் விலை உயர்ந்த பிளேடு சிலருக்கு மலிவாகும், வேறு பலருக்கு அப்போதும் ஆகாது. என் கணிப்பில், இந்தியாவில் கிடைக்கும் நடுத்தர விலைப் பிளேடுகள் பெரும்பாலான முகங்களுக்குப் போதும். ஒரு பிளேடை ஐந்தாவது சவரத்துக்கு மேல் இழுக்க முயல்வது பெரும்பாலும் பணத்தைச் சேமிப்பதில்லை, எரிச்சலைச் சேமிக்கிறது.

ஆயுள் தன்னளவில் ஒரு நற்குணம் அன்று என்பதற்கு இதைவிட வலுவான சான்று சமயங்களிலிருந்து கிடைக்கிறது. திருமலையின் கல்யாணக்கட்டையிலும் பழனியின் மொட்டை மண்டபத்திலும் ஒருவர் தலைக்குப் போட்ட பிளேடை அடுத்தவர் தலைக்குப் போடக் கூடாது. ரத்தத்தால் பரவும் நோய்களின் அச்சம் அதை உறுதியாக்கிவிட்டது. அங்கே ஏழு தலைக்கு உழைக்கும் பிளேடு என்ற பெருமைக்கு மதிப்பு சுழியம். முதல் தலையில், குழந்தையின் மெல்லிய உச்சந்தலையில், முதல் இழுப்பிலேயே அது எப்படி நடக்கிறது என்பதே எல்லாம். பௌத்தத் துறவிக்கு அனுமதிக்கப்பட்ட எட்டே உடைமைகளில் சவரக்கத்தியும் ஒன்று. துறவியர் ஒழுக்க நூலான விநயத்தின் சுள்ளவக்கம் என்ற பகுதி கத்தியோடு தீட்டும் கல்லையும் கத்தி உறையையும்கூட அனுமதிக்கிறது. உடைமையைத் துறந்தவருக்கு ஏன் இந்தச் சலுகை? மழுங்கிய கத்தி துறவை ஆழப்படுத்தாது, தோலைத்தான் கிழிக்கும். கருவியைப் பேணுவதும் கருவிமேல் பற்று வைப்பதும் வேறு என்ற தெளிவு அந்த அனுமதிக்குள் இருப்பதாகவே நான் படிக்கிறேன். சமண முனிவரோ கத்தியையே ஏற்காமல் கேசலோசனமாகக் கையால் மயிரைப் பறித்துக்கொள்கிறார். 1699ல் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவிய நாள் தொட்டு, அதில் சேர்ந்த சீக்கியர் மயிரை வெட்டுவதே இல்லை. எது நல்ல பிளேடு என்ற கேள்வி, சவரம் எதற்காக என்ற கேள்விக்குப் பின்னால்தான் வர முடியும். முன்னதை அளவுகோல் தீர்க்கலாம். பின்னதை ஒருவர் வாழ்கிற வாழ்க்கைதான் தீர்க்கும்.

எல்லாவற்றையும் பயன்படுத்துபவரின் நோக்கத்தில் கொண்டுபோய்க் கட்டினால், பொருளுக்கென்று நம்மேல் உரிமை ஏதும் இல்லையா என்று கேட்கலாம். பிளேடுக்கு உரிமை உண்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சவரம் முடிந்தும் அதன் உறவுகள் முடிவதில்லை, இந்த ஒப்பீடுகள் எல்லாவற்றிலும் விடுபட்டுப்போன நிலை ஒன்று அங்கே இருக்கிறது. முகத்துக்கு மழுங்கிய பிளேடு விரலுக்கு மழுங்கியது அன்று. நம் நகரங்களில் குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் பலருக்கு உறுதியான கையுறை இல்லை. வாரம் ஒன்று என்று எறியும் வீட்டிலிருந்து ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு விளிம்பு. பழைய அமெரிக்கக் குளியலறைகளில் மருந்து அலமாரியின் பின்புறம் ஒரு துளை வைத்து, பழைய பிளேடுகளைச் சுவருக்குள்ளேயே விழவிட்டார்கள். பின்னாளில் சுவரை இடித்தவருக்குத்தான் அது தெரியவந்தது. நிலைகள் அனைத்தையும் கணக்கில் எடு என்று கேட்கும் தருக்கம் பயனரோடும் விற்பவரோடும் நின்றுவிட முடியாது. சில நிறுவனங்களின் பிளாஸ்டிக் பெட்டியில் புது பிளேடு மேல்புறம் வெளிவரும், பழையதைச் செருக அடிப்புறத்தில் ஓர் அறை இருக்கும். அட்டை உறையில் வரும் மலிவுப் பிளேடுகள் பலவற்றுக்கு அது இல்லை. அவற்றை வாங்குபவர் மூடியில் கீறல் போட்ட ஒரு தகர டப்பாவைத் தானே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கூர், பூச்சு, சவர எண்ணிக்கை, விலை என்று பத்தி போடுகிறவர்கள் இந்த அடிப்புற அறைக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். அதற்கு மற்றவற்றுக்குக் குறையாத மதிப்பெண்ணும் தர வேண்டும்.